இருபத்திரண்டு சுற்று

3-3-52, திங்கள்
காலையிலேயே வெயில். அரிசி புடைத்தேன். தம்பி ஸலீமின் பனியன் தைத்தேன். ரயில் ஸ்டேஷனில் அவன் கரி திருடிய நாட்களில் துவைத்தாலும் கறுப்பு போகாது. இப்போது வெறும் மண்தான்.

நான் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது, வாசலும் நின்றது. மாடி ஜன்னல் தட்டியில் ஒரு கிழிசல் மட்டும். எதிரே ஏரிக்கரை மைதானம். நான் பார்ப்பது யாருக்கும் தெரியாது.

பட்டாளத்திலிருந்து வந்த டிரில் மாஸ்டர், ஸ்டேஷனில் சுற்றிய ஏழு பையன்களுக்குத் தண்டாலும் சடுகுடுவும் சொல்லித்தருகிறார். ஓடும் முன் தன் வாட்சைக் கழற்றி ஸலீமிடம்தான் கொடுக்கிறார். போன வருஷம் போலீஸ் பிடித்து வைத்திருந்த அதே ஸலீமிடம்.

5-3, புதன்
புழுக்கம். மைதானத்தில் சண்டை.
"தொட்டுட்டேன், போடா வெளிய!"
"எங்கடா தொட்ட? உன் கை இன்னா மூணு மொழமா?"
மாஸ்டர் சொன்னார்: "நான் பாக்கல ஸலீம். பட்டுச்சா இல்லயா, உனக்குத்தான் தெரியும்."
ஸலீம் நின்றான். பிறகு தானே கோட்டைத் தாண்டி வெளியே போனான். மாஸ்டர் கை தட்டினார். எனக்கு அழுகை.

8-3, சனி
மாலை மைதானத்துக்கு ஸலீம் மட்டும் வந்தான். தனியாக ஓடினான். எண்ணினேன், இருபத்திரண்டு சுற்று. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை.

விளக்கு வைத்ததும் கான்ஸ்டபிள். சாயங்காலம் ஸ்டேஷனில் ஜவுளி மூட்டை காணோமாம். "பழைய கை இவன்தானே பாய்?"
"ஓடிக்கினு இருந்தேன் அத்தா!"
"எவன்டா பாத்தான்?"
அத்தா கேட்டார். பெற்ற பிள்ளை மேலேயே பெல்ட் அடி. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்.

9-3, ஞாயிறு
மாஸ்டர் வாசலில். "அவன் ஓடினத இந்த வூட்ல யாராச்சும் பாத்தீங்களா? ஒரு வார்த்த போதும், போலீஸ்ல நான் பேசிக்கிறேன்."
திரைக்குள்ளிருந்து அம்மா: "எங்க வூட்ல ஜன்னலே தொறக்கறதில்லீங்க."
நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பையன்கள் ஆடுவதைப் பெண் பார்த்தாள் என்றால் அத்தா என்ன செய்வார்? ஸலீம் என்னைப் பார்த்தான். தலை குனிந்துகொண்டான்.

11-3, செவ்வாய்
விடிந்தபோது ஸலீம் இல்லை. பனியனும் இல்லை. மெட்ராஸ் வண்டியில் ஏறியதை டீக்கடைக்காரர் பார்த்தாராம்.

மதியம் மாஸ்டர் வந்தார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன். "நான் பாத்தேன். இருபத்திரெண்டு சுத்து." அத்தாவின் கை ஓங்கியது. இறங்கவில்லை.
மாஸ்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "தெரியும்மா. சனிக்கெழம ராத்திரியே எங்கிட்ட சொன்னான். அக்கா தெனம் மேலேருந்து பாக்குது சார், அத மட்டும் பேரச் சொல்லிக் கேக்காதீங்க, அத்தா அடிப்பாருன்னான்."

12-3, புதன்
மேகம். மழை இல்லை. தட்டியை அத்தாவே சுருட்டிவிட்டார். அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை, அவருக்குச் சோறும் இறங்கவில்லை. பக்கத்தில் நான்.
கீழே ஆறு பேர். மாஸ்டர் வாட்சைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். திரும்பக் கட்டிக்கொண்டார்.