பஸ் ஏறுற நாளில் போடாத குளிசை

செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரியில் நாலாவது நாள், பன்னிரண்டாம் கட்டில். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. பருப்பில் உப்பே இல்லை. பக்கத்துக் கட்டிலில் நாலந்தா ஊர் முஸ்லிம் நானா, அவரைப் பார்க்க ஆள் மேல் ஆள். எனக்கு யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகள் குவைத்தில்.

புது டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. மற்றவர்கள் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார்கள். உட்கார்ந்தவரிடம் கதை சொல்லாமல் எப்படி? ரத்தோட்டை பஸ்ஸில் தினமும் டவுனுக்கு வருகிற கதை. வீட்டில் பேச ஆளில்லை, ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். நடுவில் கண்டக்டர் கதை, அவன் மாமியாருடைய ஆடு பஸ்ஸில் ஏறிய கதை. பிள்ளை எழுந்து போகவில்லை. ஒன்றுக்குப் போக பஸ்ஸை நிறுத்தவே மாட்டான் என்றதும் நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப பஸ் ஏறுற நாளிலை மூத்திரம் போற குளிசை போடுறேல்லையோ, ஐயா?"

"எப்படிம்மா போடுறது?"

வீக்கத்துக்குத் தந்த அந்த மாத்திரையை வீட்டுக்கு வந்த பிறகு போடச் சொன்னது. மத்தியானம் இரண்டு மணியானாலும் பரவாயில்லையாம்.

புதன்

மழை. பெரிய டாக்டர் தாளோடு வந்தார். புது டாக்டர்களுக்கு வேலை தெரியுமா என்று பார்க்கிறார்களாம், நோயாளியையும் கேட்பார்களாம். அவருக்குத் தமிழ் வரும். பிள்ளை பக்கத்தில் நின்றது.

கை கழுவினாரா? ஆமாங்க. விளக்கமாகச் சொன்னாரா? ஆமாங்க. தேவையில்லாமல் நேரத்தை வீணாக்கினாரா? ஆமாங்க.

தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் துரைக்கு முன்னால் நின்ற வாய். கேள்வி முடியுமுன் ஆமாங்க வந்துவிடும்.

எழுதிக்கொண்டு போய்விட்டார். பிள்ளையின் முகம் சின்னதாகிவிட்டது.

நானா சொன்னார்: "என்ன அண்ணன், அந்தப் புள்ளட தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே. நோயாளியோட பேசி நேரத்தைப் போக்குதுன்னு அந்தப் புள்ளய ஏற்கெனவே ஒருக்கா எழுதிட்டாங்களாம். இனி ஆறு மாசப் பயிற்சியைத் திரும்பச் செய்யணுமாம், நர்ஸ் மிஸ் சொன்னாங்க."

சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

வியாழன்

வெயில். பிள்ளை வந்தது, நின்றபடியே நாடி பிடித்துவிட்டுப் போனது. ஸ்டூல் சுவரோரம்.

பெரிய டாக்டருடைய அறை வாசலுக்கு நடந்தேன். இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று நின்று.

"நேத்து ஆமான்னது தப்புங்க சேர். பஸ் ஏறுற நாள்ல நான் குளிசை போடுறதில்ல. தெனமும் பஸ்தான். அதைக் கண்டுபிடிச்சது அந்தப் புள்ள மட்டும்தாங்க. நேரத்தை வீணாக்கினது நானு."

ஆடும் வரவில்லை, கண்டக்டரும் வரவில்லை. இவ்வளவு சின்னக் கதை நான் சொன்னதே இல்லை.

அவர் நான் நீட்டிய கிளினிக் மருந்துக் கொப்பியைப் புரட்டினார். வீக்கம் வற்றவில்லை என்று நாலு தரம் குளிசையைக் கூட்டி எழுதியிருந்தது. எல்லாம் தன் கையெழுத்துதான் என்றார், மெதுவாக. பிறகு அந்தத் தாளை எடுத்து, ஒரு வரியை வெட்டினார்.

வெள்ளி

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடுத்துகிற சாரம் இரண்டு, கோப்பை, குளிசைப் பை. புறப்படும்போது பெரிய டாக்டர் நானாவிடம், குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். நானா ஓம் என்றார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பின்னால் நின்ற பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட். கண்டக்டர் புது ஆள்.

வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி. குளிசை போட்டாச்சு. சொல்ல ஆளில்லை. இதில் எழுதி வைக்கிறேன்.