ஒன்பது படி

கூலாய்
6.7.2025
அம்மன் துணை

அன்புத் தம்பி குணாளனுக்கு,

அண்ணி யோகேஸ்வரி எழுதுவது. அம்மன் தயவில் இங்கே உன் அண்ணனும் நானும் இருக்கிறோம். காஹாங்கில் நீயும் சந்திரமதியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கக் கடிதம் ஏன் என்று சிரிக்காதே. இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. உன் பெயர் கேட்டாலே தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

சித்ரா பௌர்ணமியிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை. அன்று நீயும் உன்னோடு லோரி ஓட்டும் நண்பர்கள் மூவரும் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கோயில் படி ஒன்பதும் ஏறினீர்கள். நான் கைகூப்பி அழுதுகொண்டே பின்னால் வந்தேன். யாரோ வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட, எல்லாரும் கும்பிடும் கையாக அனுப்பினார்கள். அதில் அவர் முகத்தைப் பார்த்தாயா? நான் இப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருக்கிறார். சாமியை நினைத்து மூடியிருக்கிறார் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

நேற்று கேட்டேவிட்டேன். "காலுதானே போச்சு யோகேசு, வாயும் போச்சா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? அரிசி மூட்டையா நானு?" என்றார். உன்மேல்தான் கோபம். நீ திட்டம் போட்டுச் செய்தாய் என்று நினைக்கிறார்.

சர்க்கரையில் கால் எடுத்த பிறகும் ஞாயிறு தவறாமல் என்னோடு வெளியே வந்தவர் தம்பி. நானும் விடவில்லை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தனியே போய் ஒவ்வோர் இடமாகப் பார்த்து நோட்டில் குறித்து வருகிறேன். ஏரிப் பூங்கா: படி இல்லை, சரிவு உண்டு, கழிவறைக் கதவு முப்பது அங்குலம், ஆனால் உள்ளே வாளியும் துடைப்பமும் அடைத்து வைத்திருக்கிறார்கள். நூலகம்: ஒரே படி, பின்வாசலில் அதுவும் இல்லை. இதையெல்லாம் படித்துக் காட்டினால், "நீயே போயிட்டு வா லா" என்கிறார்.

கொஞ்ச நாள் நீ இந்தப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிய பிறகு மனம் கேட்கவில்லை.

உன் அண்ணி,
யோகேஸ்வரி


காஹாங்
14.7.2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

குணாளனின் வணக்கம். கடிதத்தை லோரியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்குப் போனதும் சந்திரமதி, "யாரு செத்துட்டா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். அவளிடம் காட்டவில்லை.

அண்ணனுக்கு அது அவமானமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை அண்ணி. என் புத்தி அவ்வளவுதான். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர். ஒரு தடவை நான் தூக்கினேன் என்ற பெருமையில் இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. நான் திட்டம் போட்டேன் என்று அண்ணன் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "நேர்த்தி வெச்சிருக்கேன் தம்பி, நாலு ஆளா வாங்க, அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க, சொன்னா வர மாட்டாரு" என்று எனக்குப் போன் செய்தது நீங்கள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. திட்டு என்மேலேயே விழட்டும். வராதே என்று நீங்களே எழுதியதுதான் தாங்க முடியவில்லை.

வரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குணாளன்


கூலாய்
2.8.2025
அம்மன் துணை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பத்து நாளாக அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்தது. விளக்கேற்றப் போகவே கூச்சமாக இருந்தது. போன ஞாயிறு அவரிடம் சொல்லிவிட்டேன். வேண்டுதல் என்னுடையது, ஆள் கூப்பிட்டது நான், மறைக்கச் சொன்னதும் நான். நீ திட்டு வாங்க நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"குணா ஒன்னும் சொல்லலையா?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. நான்காம் நாள், "ஒன் நோட்டுல அந்தக் கோயிலுக்கு என்ன எழுதியிருக்க?" என்று கேட்டார். எழுதவே இல்லை தம்பி. ஊரையெல்லாம் அளந்தவளுக்குக் கோயிலை அளக்கத் தோன்றவில்லை. "எழுது லா. ஒம்பது படின்னு எழுது" என்றார். எழுதினேன்.

நேற்று ஆடி வெள்ளி. தானே சட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார். கோயில் படிக்குக் கீழே போய் நாற்காலியை நிறுத்தினார். தூக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "வேணாம் தம்பி, இங்கயே இருக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். என்னிடம், "நீ போய்க் கும்பிட்டுட்டு வா" என்றார்.

"நீங்க?"

"ஓடியா போயிடப் போறேன்?"

கால் எடுத்த இந்த மூன்று வருடத்தில் வெளியே அவரை ஒரு நிமிடம் தனியே விட்டதில்லை. மேலே போனேன், பூசையில் மனம் நிற்கவில்லை. குங்குமத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு இறங்கி வந்தால் கீழே ஆளைக் காணோம்.

என் உயிர் என்னிடம் இல்லை. கூட்டத்தில் யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? இருபத்தெட்டு வருடமாக அவர் பெயரைச் சொல்லாத வாய். "ஹேமநாதன்!" என்று கத்திவிட்டேன். கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது.

"இங்கதான்லா இருக்கேன், கத்தாத!"

சந்து முனையில் செண்டோல் வண்டி. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முன்பின் தெரியாத இரண்டு மலாய்க்காரர்களோடு பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை. கையில் ஐஸும் வெல்லப்பாகுமாகப் பாதிக் கிண்ணம். சர்க்கரை குறைத்துப் போடச் சொன்னாராம், நான் நம்பவில்லை. கோயில் சுவரை ஒட்டிச் சந்துக்கு இறங்கும் ஒரு சரிவு இருந்திருக்கிறது. நான் பார்க்காதது. அவரே கண்டுபிடித்து உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். திட்டலாம் என்று போனவள், பக்கத்தில் நின்று அழுதேன். "ஊரு பாக்குது" என்று ஒரு கரண்டி நீட்டினார்.

உன்னிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு கடிதத்தில் அடங்காது, நேரில் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைச் சந்திரமதிக்கும் படித்துக் காட்டு.

பத்தாம் தேதி ஞாயிறு நீ வர வேண்டும். இதை அவர்தான் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே இருக்கிறார். வீட்டுக்கு வந்து கூட்டிப் போக வேண்டாமாம். "நான் முன்னாலயே போய் செண்டோல் வண்டிகிட்ட ஒக்காந்திருப்பேன். அவன் தேடிக்கிட்டு வரட்டும்" என்கிறார்.

இரண்டு பேருக்கும் எங்கள் ஆசி.

உன் அண்ணி,
யோகேஸ்வரி