வாசலில் கோழி விரட்டும் சத்தம்

பிறந்த ஊரில் மா தின், பள்ளிபாளையத்துக்காரங்க வாயில் சரசு, எனக்கு எப்பவும் அம்மாவான உனக்கு,

உன் தமீ எழுதறேன். தமீன்னா உன் பாஷையில மகள்னு, படிக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனாலதான் இதை மடிச்சுப் பெட்டியில வைக்காம நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதறேன். யாராவது ஒருத்தர் வாய்விட்டுப் படிச்சா உனக்குக் கேக்காதா? நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனேன். தப்பு இருந்தா மத்தவங்க பொறுத்துக்கட்டும்.

நீ போய் ஆறு மாசம் ஆச்சு. அப்பா நல்லா இருக்கார். அரிசி மில் வேலைக்கு இன்னும் போறார். சாயங்காலமானா ஆத்தங்கரையில நீ உக்கார்ற கல்லுல போய் உக்காந்துக்கறார். நான் வாக்கப்பட்ட எரும்பட்டி ஊட்டுல எல்லாரும் சுகம். உன் பேத்திக்கு நாலரை வயசு ஆச்சு.

ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தப்ப எனக்கு ஆறு வயசு. நீ பர்மாக்காரி, அப்பா நாமக்கல் பக்கத்துக்காரர், நான் ரெண்டுலயும் பாதி. ஈரோட்டுல ரயிலை விட்டு இறங்கி ஆத்தைத் தாண்டுற வரைக்கும் நீ என் கையை விடல. காவேரியப் பார்த்ததும் சிரிச்ச. உங்க ஊர் ஆத்தை நெனச்சுக்கிட்டியா?

இந்த ஊர்ல யார்கிட்டப் பேசினாலும் கடைசியில ‘ங்க’ போடணும்னு அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தார். நீ ஒருத்தரையும் விடல. ஆட்டுக்குட்டியப் பார்த்து ‘தள்ளுங்க’ன்ன. வடகத்தைத் தூக்க வந்த காக்காயப் பார்த்து ‘போங்க, போங்க’ன்ன. பக்கத்து ஊட்டு அக்கா சிரிச்சுச் சிரிச்சுக் கொடத்தைக் கீழ போட்டுட்டாங்க. நீயும் சேர்ந்து சிரிச்ச.

ஆத்துப் பொடிமீனை உப்புப் போட்டு நசுக்கி, பானையில அடைச்சு வாயைக் கட்டி வச்சியே, ஞாபகம் இருக்கா? பத்தாம் நாள் தெருவே வாசல்ல நின்னுச்சு. உங்க ஊட்டுல எலி எதாச்சும் செத்துக் கெடக்குதுங்களான்னு கேட்டாங்க. அப்பா கொஞ்சம்கூட யோசிக்கல. “ஆமாங்க, பெரிய எலிங்க”ன்னார். பானைய ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பொதைச்சோம். திரும்பி வரும்போது அப்பா தரையப் பார்த்துக்கிட்டே நடந்தார். நீயும்தான்.

ரெண்டாவது படிக்கும்போது நடந்ததை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு நீ தண்ணிச் செம்போட வந்த. உங்க வழக்கப்படி சத்தமா, “டமின் சா பீபீலா?”ன்னு கேட்ட. சோறு சாப்பிட்டாச்சான்னுதான் கேட்ட, வேற ஒண்ணுமில்ல. கூட இருந்த பிள்ளைங்க அதையே ராகம் போட்டுப் பாடிச்சுங்க. சப்பமூக்கி, சப்பமூக்கி மகள்னு ஒருத்தி சொன்னா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நீ மறுபடியும் கேட்ட. நான் பதில் சொல்லல. மூணாவது தடவை தமிழ்ல கேட்ட: “சாப்பிட்டீங்களா?” பெத்த பிள்ளைகிட்டயே ‘ங்க’ போட்ட. அவங்க இன்னும் சிரிச்சாங்க.

அன்னியிலிருந்து நான் உன் பாஷையில வாயத் தொறக்கல. நீ அதுல கேப்ப, நான் தமிழ்ல சொல்லுவேன். அப்பாவுக்குத் தெரிஞ்சது அங்க மில்லுல பேசிப் பழகின அரைகுறை பர்மியப் பேச்சுதான். உன்கூட உன் பேச்சுப் பேச இந்தச் சீமையிலேயே நான் ஒருத்திதான் இருந்தேன். அது எனக்கு அப்பத் தெரியல. தெரிஞ்சிருந்தா மட்டும் பேசியிருப்பேனா?

இதைவிடப் பெருசு அப்புறம் நடந்தது. எரும்பட்டிச் சம்பந்தம் வந்தப்போ பெரியப்பாதான் பேச்சை எடுத்தார். பொண்ணு ரங்கூன்ல பொறந்ததுன்னா பரவாயில்ல, அந்தப் பக்கம் போய்ப் பொழைச்சவங்க நெறையப் பேர். தாயே பர்மாக்காரின்னு தெரிஞ்சா எழுந்து போயிருவாங்கன்னார். வாயத் தொறந்தாத்தானே தெரியும், வாய் பேச வராதுன்னு சொல்லிப்போடலாம்னார். அப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். நீ பெரியப்பாவப் பார்க்கல, என்னைப் பார்த்த.

“அவங்க போற வரைக்கும் நீ பேசாம இரும்மா”ன்னேன்.

போற வரைக்கும்னுதான் சொன்னேன். நீ கடைசி வரைக்கும் இருந்துட்ட.

கல்யாணத்துல பேசல. குழந்தையத் தூக்கிக்கிட்டு என்னை எரும்பட்டியில கொண்டுவந்து விட்டப்ப ஒரு மாசம் தங்கின, பேசல. ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து பத்து நாள் இருந்த, பேசல. கட்டிக்கிட்ட மனுசன்கிட்டகூட நான் உண்மையச் சொல்லல. என் மாமியார், அதான் அத்தை, உன் பக்கத்துல உக்காந்து சின்ன வெங்காயத்துத் தாளை அரிஞ்சுக்கிட்டே மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுவாங்க. நீ தலைய ஆட்டுவ. எங்க சம்பந்தி மாதிரி காது கொடுத்துக் கேக்கறவங்க யாரு இருக்காங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருவேன்.

ஆனா அத்தைக்கு ஒரு பழக்கம். வெங்காயக் காட்டுல இருந்து வரும்போது வாசல்லயே நின்னு, ஊரே கேக்கற மாதிரி கோழி விரட்டுவாங்க. பல நாள் வாசல்ல கோழியே இருக்காது. வயசாச்சு, கண்ணு தெரியலன்னு நெனச்சுக்குவேன்.

உன் கருமாதி அன்னிக்கு, எல்லாரும் சாப்பிட்டுப் போன பின்னால அத்தை என்னைப் பக்கத்துல கூப்பிட்டாங்க.

“அம்மிணி, உங்கம்மா பேசுவாங்கன்னு எனக்கு நாலு வருசமாத் தெரியும்”னாங்க.

பாப்பா தொட்டில்ல கிடந்த சமயம், அருவாளை மறந்துட்டு எடுக்க வந்தாங்களாம். உள்ள நீ குழந்தைகிட்டப் பேசிக்கிட்டு இருந்தியாம். என்ன பேச்சுன்னு தெரியல, ஆனா கொஞ்சறதுன்னு தெரிஞ்சுதுன்னாங்க. அருவாளை எடுக்காமலே காட்டுக்குத் திரும்பிட்டாங்களாம். அப்புறம் எப்ப வந்தாலும் நீ பேச்சை நிறுத்திக்கட்டும்னுதான் கோழி விரட்டுனது.

“ஏனுங்க அத்தை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?”

“கேட்டிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு அவங்க வாரதையே நிறுத்திப்போடுவாங்க. எனக்குப் பேச வேற யாரு இருக்கா?”

அம்மா, உனக்கு இது தெரியுமா? இல்லாத கோழிய விரட்டுறாங்கன்னு நீயும் கண்டுபிடிச்சிருப்பியா? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டீங்க. நடுவுல ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவ நான், சொல்லாம இருந்துட்டேன். சொல்லியிருந்தா நீயும் அத்தையும் நாலு வருசம் பேசியிருப்பீங்க. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?

அன்னிக்கே உன் மாப்பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் தலையச் சொறிஞ்சுக்கிட்டார். அப்ப உங்கம்மா வைக்கற கருவாட்டுக் கொழம்பு அந்த ஊர்ச் சமையலா, அதான் அப்படி இருந்துச்சுன்னார். அவ்வளவுதான். இதுக்கா நாம இத்தனை பயந்தோம்?

இப்ப நேத்து நடந்ததைக் கேளு. வெயில் தாழ அத்தை காட்டுல இருந்து வந்தாங்க. பழக்கம் விடல, வாசல்ல நின்னு கோழி விரட்டினாங்க. உன் பேத்தி ஓடிப்போய் அவங்க சேலையப் பிடிச்சுக்கிட்டு, “டமின் சா பீபீலா?”ன்னா. நான் சொல்லிக் கொடுக்கல. எனக்கே பாதி மறந்துபோன பேச்சு. உன் குரல் அவ வாயில அப்படியே இருக்கு.

என்ன சாமி கேக்குதுன்னு அத்தை என்னைப் பார்த்தாங்க. சோறு சாப்பிட்டாச்சான்னு கேக்குதுங்கன்னேன். சாப்பிட்டாச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டாங்க. எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல. எத்தனை வருசம் ஆச்சு. அப்புறம் வந்துச்சு. “சா பீபீ”ன்னேன். அத்தை குனிஞ்சு பாப்பாகிட்ட, “சா பீபீங்க”ன்னாங்க.

அதைக் கேக்க நீ இல்லையேம்மா.

இனி உன் பேத்தி எத்தனை தடவை கேட்டாலும், யார் முன்னால கேட்டாலும், அவ பேச்சுலயே நான் பதில் சொல்லுவேன். மறந்ததை அப்பாகிட்டக் கேட்டு முடிஞ்ச வரைக்கும் மீட்டுக்குவேன். இந்த ஊட்டுல யாரையும் பேசாம இருன்னு சொல்லமாட்டேன். அன்னிக்குப் பள்ளிக்கூட வாசல்ல நீ தண்ணிச் செம்போட நின்னு கேட்டதுக்கு, இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ:

சா பீபீ, அம்மா.

உன் தமீ,
செல்லாயி
எரும்பட்டி