வேட்பாளர் நிற்பதற்கல்ல இந்தக் கம்பி

அனுப்புநர்:
கி. கார்குழலி, எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
இயற்பியல் விரிவுரையாளர்,
விம்கோ நகர், திருவொற்றியூர்,
சென்னை.

பெறுநர்:
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
சட்டமன்றத் தொகுதித் தேர்தல் அலுவலகம்,
திருவொற்றியூர்.

பொருள்: பிரச்சார வாகனம் எனத் தவறாகக் கருதிப் பிடித்து வைக்கப்பட்டுள்ள எனது காரின் பாதுகாப்புக் கூண்டை அறுக்கும் உத்தரவை நிறுத்தவும், காரை விடுவிக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இல்லை. எந்த வேட்பாளருக்கும் வண்டி கொடுத்ததில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை தேர்தல் கண்காணிப்புக் குழுவினர் பிடித்துச் சென்ற கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் எனக்குச் சொந்தமானது. அன்று அதை ஓட்டியதும் நான்தான். "ஓட்டுன பையன் எங்க?" என்று காவல் நிலையத்தில் பலமுறை கேட்கப்பட்டதால் இதை முதலிலேயே தெரிவிக்கிறேன்.

2. இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளைவும், முன் கண்ணாடியை ஒட்டி ஒரு வளைவும், இரண்டையும் இணைக்கும் குழாய்களும் பற்றவைக்கப்பட்டுள்ளன. பந்தய வண்டிக்காரர்கள் இதை ரோல் கேஜ் என்பார்கள். கூரை உள்ள கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கும். கூரையில்லாத கார் கவிழ்ந்தால் முதலில் தரையைத் தொடுவது உள்ளே இருப்பவரின் தலை. அந்தத் தலைக்கும் தரைக்கும் இடையில் இருப்பதற்காகவே இந்தக் கூண்டு. இதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி ஒப்புதல் பெற்றுள்ளேன், நகல் இணைத்துள்ளேன்.

3. வேலையைச் செய்தவர் வால்டர். ராயபுரத்தில் விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். "டீச்சர், யானை ஏறி ஒக்காந்தாலும் அசையாது" என்றார். யானைக்கு வழியில்லாததால், அந்த வளைவில் சங்கிலியைக் கோத்து வண்டியையே தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கினார். வளைவு வளையவில்லை. அதன் பிறகே நம்பினேன். மேடுபள்ளத்தில் ஓடும்போது பற்றவைத்த இடங்கள் ஏதாவது முனகுகின்றனவா என்று கேட்பது மட்டும் மீதி இருந்தது.

4. அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறாக அமைந்துவிட்டது. பெருநாளில் வேலை செய்யமாட்டேன் என்று முதலில் மறுத்த வால்டர், காதால் கேட்பது வேலையில் சேராது என்று பிறகு ஒத்துக்கொண்டு, பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இருக்கை இரண்டுதான் என்பதாலும், அதில் ஒன்றில் என் கணவர் ஃப்ரெடி அமர்ந்திருந்ததாலும், வால்டர் பின்பக்க டிக்கியின் மேல் நின்று, வளைவை இரு கைகளாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். சத்தம் கேட்க வேண்டுமென்பதால் நான் மிக மெதுவாக ஓட்டினேன்.

5. ராயபுரத்தில் மட்டுமல்ல, திருவொற்றியூரிலும் வால்டரைத் தெரியாதவர் குறைவு. தெருவின் இருபுறமும் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார்கள். அவரும் இருபுறமும் கைகூப்பினார். பூ விற்கும் பச்சையம்மா, "இன்னா நைனா, எந்தத் தொகுதில நிக்கிற?" என்று கேட்டார். "பரலோகத் தொகுதி! டெபாசிட்டே கெடையாது, எதுத்து நிக்க ஆளும் கெடையாது!" என்று வால்டர் உரக்கப் பதில் சொன்னார். பச்சையம்மா சிரித்துக்கொண்டே ஒரு மாலையை வீச, அது அவர் கழுத்திலேயே விழுந்தது. வண்டியின் பின்னால் ஓடிவந்த பிள்ளைகள் "வாழ்க" என்றார்கள். கண்காணிப்புக் குழுவினரின் ஜீப் எதிரே வந்து நின்றது அப்போதுதான்.

6. அக்காட்சியைப் பார்த்த எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டியை நிறுத்தியதற்காக நான் புகார் செய்யவில்லை. விளக்கம் சொன்ன பிறகும் நம்பாததே என் குறை. "தொகுதி", "டெபாசிட்" ஆகிய சொற்கள் காதால் கேட்கப்பட்டதாக அறிக்கையில் எழுதியுள்ளனர். எழுதியது சரியே; பரலோகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். குழாய்களின் மேல் தலையில் அடிபடாதிருக்கப் பஞ்சு சுற்றி ஒட்டிய டேப்பின் இரு நிறங்கள் ஒரு கட்சிக் கொடியைக் குறிப்பதாகவும் எழுதியுள்ளனர். கடையில் அன்று மீதமிருந்தவை அந்த இரண்டு நிறங்கள்தான். அவற்றை இங்கே குறிப்பிட்டால் இம்மனுவும் பிரச்சாரமாகக் கருதப்படக்கூடும் என்பதால் தவிர்க்கிறேன்.

7. பிரச்சாரத்துக்கு இவ்வண்டி உதவாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், வண்டியே போதும். கதவுகளின் குறுக்கே குழாய்கள் உள்ளன. உள்ளே போகக் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்ட வேண்டும். வேட்டி கட்டிய எந்தத் தலைவரும் மக்கள் முன்னிலையில் அதற்குச் சம்மதிக்கமாட்டார். இரு வாரங்களுக்கு முன் சுயம்பு என்ற கட்சிக்காரர் பட்டறையில் வண்டியைப் பார்த்து, "யக்கா, தலைவரு புட்ச்சிகினு நிக்கறதுக்குன்னே செஞ்சா மாதிரி கீது, ரெண்டு நாளு குடு" என்று கேட்டார். மறுத்தேன். ஏறிப் பார்க்க முயன்று வேட்டி சிக்கிக்கொண்ட பிறகு அவரே, "அய்ய, பேஜார் புடிச்ச வண்டி" என்று விலகிவிட்டார். அவரை விசாரிக்கலாம்.

8. தற்போது வண்டி காவல் நிலைய வாசலில் உப்புக் காற்றில் நிற்கிறது. வரும் வெள்ளிக்கிழமை கூண்டை அறுத்து எடுத்த பின்பே வண்டி தரப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லியுள்ளனர். அறுத்ததை மீண்டும் பற்றவைக்கலாமே என்றும் சொன்னார்கள். அறுத்து ஒட்டிய குழாயை நான் நம்பமாட்டேன். நான் நம்பாத வண்டியில் என் கணவரை ஏற்றமாட்டேன்.

9. இதைக் காவல் நிலையத்தில் சொல்ல இயலவில்லை. அங்கே உதவி ஆய்வாளர், "பிரச்சாரத்துக்கு இல்லன்னா இவ்ளோ கம்பி யாருக்கும்மா?" என்று கேட்டபோது என் கணவர் அருகில் இருந்தார். எனவே பதிலை எழுத்தில் தருகிறேன். ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். சுங்க ஏலத்தில் இந்தக் காரை விரும்பி எடுத்தவர் அவர்; வீண் வேலை என்று எதிர்த்தவள் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று சமிக்ஞை இல்லாமல் திரும்பியது. அதன்மேல் மோதாமலிருக்க ஒதுங்கியதில் அவர் ஓட்டிவந்த இதே கார் கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் இருந்ததால் அவர் உயிரோடு இருக்கிறார். கழுத்து மட்டும் இன்றுவரை திரும்புவதில்லை. கிரேன் வேலையும் போயிற்று. அதன்பின் அவர் எதுவும் கேட்டதில்லை. இந்த ஜனவரியில்தான், புதுச்சேரி வரை நடக்கும் கார் ரேலிப் பந்தயத்தின் விளம்பரத்தை என் முன் வைத்து, "நீ ஓட்டு, நான் வழி சொல்றேன்" என்றார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து நேராகப் பார்த்து வழி சொல்பவருக்குக் கழுத்து திரும்பத் தேவையில்லை. ரேலி மே மாதக் கடைசி ஞாயிறு. கூண்டு இல்லாத திறந்த காரை அங்கே அனுமதிப்பதில்லை. நானும் அனுமதிப்பதில்லை.

10. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்கள் வண்டியை நேரில் பார்வையிட்டு, அறுக்கும் உத்தரவை நிறுத்தி, வண்டியை என்னிடம் ஒப்படைக்க ஆணையிட வேண்டுகிறேன். வாக்குப்பதிவு முடியும்வரை அதை வெளியே எடுக்கமாட்டேன் என எழுதித் தருகிறேன். சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். டேப்பை வெள்ளையாக மாற்றிவிடுகிறேன். அந்த நிறத்தை இதுவரை எந்தக் கட்சியும் கோரவில்லை என நம்புகிறேன். வால்டரையும் இனி வண்டிமேல் நிற்க விடமாட்டேன்.

வாக்குப்பதிவு நாளன்று என் கணவரும் நானும் வாக்குச்சாவடிக்கு நடந்தே வருவோம். மறுநாள் சாவியை வாங்கிக்கொள்ள நான் வருவேன். கம்பி அப்போது முழுதாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு இம்மனுவை அளிக்கிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 18.04.2001

இப்படிக்கு,
கி. கார்குழலி
(வாகன உரிமையாளர், ஓட்டுநர்)

இணைப்பு: பதிவுச் சான்று நகல், கூண்டுக்கான ஒப்புதல் நகல், வளைவில் சங்கிலி கோத்து வண்டியைத் தூக்கியபோது எடுத்த புகைப்படம்.