ஆலை கேட்டைப் பார்க்கப் போனது

இன்று காலை சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், ஏதோ ஒரு கம்பெனியின் கதை முடிந்தது, பங்கை உடனே விற்றுவிடுங்கள் என்று கத்தினார். பக்கத்து நாற்காலிக்காரர் பாதி ஷேவிங்கில் எழுந்து போனை எடுத்தார். உன் நினைவு வந்து சிரித்துவிட்டேன், கத்தி கன்னத்தில் கீறிவிட்டது. செத்தும் என்னைச் சும்மா விடமாட்டாய் போலிருக்கிறது.

எண்பதுகளில் நாம் இருவரும் விழுப்புரம் விதைக் கிடங்கில் குமாஸ்தாக்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை, வீட்டில் சொல்லாமல், திண்டிவனத்துப் பக்கம் இருந்த கடலை எண்ணெய் ஆலை ஒன்றின் பங்கில் போட்டிருந்தாய். தை மாதம் கல்யாணம். அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது பேப்பரில் பூட்டிய கேட் படத்தோடு 'ஆலை மூடப்படுகிறதா?' என்று செய்தி. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா. விலை சரசரவென்று இறங்கியது.

பங்கு வாங்கித் தந்த திண்டிவனத்து மருந்துக் கடைக்காரரிடம் ஓடினோம்.

"பதறாதீங்க சார். கையில பங்கே இல்லாம இன்னிக்கு வெலைக்கு வித்துட்டு, வெல வுழுந்ததும் வாங்கிக் குடுக்கிறவனுங்க இருக்கானுங்க. வுழுந்தாத்தான் அவனுங்களுக்கு லாபம். பேப்பர்காரன் காதுல யார் ஓதுனாங்களோ" என்றார்.

"மல்லாட்டை வெதைக்காமலே மூட்டையை விக்கிறானா? பேஜாரா கீதுய்யா. என்னுதை வித்துடுங்க" என்றாய்.

"இருய்யா, இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஆலையைப் பாத்துட்டே போலாம்" என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆலை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கேட்டின் இரண்டு பக்கமும் வாடிப்போன வாழைமரங்கள். பேப்பரில் வந்த படத்தில் மை அப்பி அவை தூண்களாகத் தெரிந்திருக்கின்றன. வாட்ச்மேன் சிரித்தார். "ஆயுத பூஜைக்கு மிசினுக்கு லீவு சார். அன்னிக்குத்தான் ஒருத்தர் போட்டோ புடிச்சிக்கினு போனாரு. நான்கூட பொரி குடுத்தேன்."

அந்தச் சந்தோஷத்தில் திரும்பும்போது நீ பஸ்ஸில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மூன்று ஷிப்ட் ஓடுவதாகப் பக்கத்து சீட்டில் அளந்தாய். விக்கிரவாண்டி வருவதற்குள் முன் சீட்டில் எண்ணெய் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் இறங்கும்போது புது மிசின் கப்பலில் கிளம்பிவிட்டது.

மறுநாள் டீக்கடையில் கோலியனூர்க்காரர் ஒருவர் அதே கப்பலை உன் காதில் ஓதினார். நீ மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தாய். "உள் தகவல்யா! இன்னும் வாங்கணும், ஜல்தி!"

"யோவ், அது நீ விட்ட கதைதான்யா."

"நான் ஷிப்டு மட்டுந்தான் சொன்னேன். கப்பல் வேற ஆளு சொன்னது."

அன்று சாயங்காலம் மனைவியிடம் செயினைக் கேட்டாய். கேட்டதால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. "ஆலையை நேர்ல போய்ப் பாத்தீங்க இல்ல? அதே மாதிரி மெட்ராஸ் போய்க் கப்பலையும் பாத்துட்டு வாங்க. கழட்டித் தர்றேன்" என்றார்.

நீ மெட்ராஸ் போகவில்லை. விலை ஏறியிருந்தபோது எல்லாவற்றையும் விற்றாய். இரண்டே நாளில் அதே பேப்பரில் 'ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரமா?' என்று வந்தது. விலை இன்னும் ஏறியதும் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். கப்பல் வராமல் விலை தலைகீழாக விழுந்த பிறகுதான் கல்யாணப் பத்திரிகை வைக்கவே வந்தாய். கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னாய்.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். போன வருஷம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டதாகப் போன் வந்தது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பார்த்துவிட்டு வருவோம் என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். அந்தச் செய்தியை மட்டும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.