நாற்பது வீட்டுக்கு ஒரே நம்பர்

2007

ஜனவரி 7, ஞாயிறு

பனி. பத்து மணிக்கும் எதிர்க்கடை தெரியவில்லை. காயப்போட்ட மிளகை வீட்டுக்காரர் இரண்டு தடவை அள்ளி உள்ளே வைத்தார், இரண்டு தடவை விரித்தார். வாய் ஓயவில்லை, சூரியனைத் திட்டித்தான்.

வாங்க வேண்டியது: மவுஸ் ஒன்று. டீத்தூள். இவருக்கு இருமல் மருந்து.

செம்மேட்டின் ஒரே பிரவுசிங் சென்டர் என்று போர்டில் பெருமையாகப் போட்டிருக்கிறோம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன், அந்த லைனில் ஓடுகிற இன்டர்நெட். ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு.

பொன்னாயி வந்தாள், எல்லா ஞாயிறும் போல. ஏழு கிலோமீட்டர் நடை. மகள் தேவிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சேலத்தில் அதற்கான பள்ளிக்கூடத்தில் எட்டாவது, ஹாஸ்டல். மற்ற அம்மாக்கள் போனில் பேசிக்கொள்ளலாம். இவர்களுக்குக் கைதான் பேச்சு. அதனால் வெப் கேமரா. அங்கே வார்டன் தேவியை உட்காரவைப்பார், இங்கே நான் பொன்னாயியை. தேவியை நான் நேரில் பார்த்ததே இல்லை, திரையில்தான்.

எட்டு எண்ணினால் படம் ஒரு தடவை மாறும். அதனால் கையைத் தூக்கி, படம் போய்ச் சேரும்வரை அசையாமல் வைத்திருப்பாள், போட்டோவுக்கு நிற்பது மாதிரி. பிறகு அடுத்தது. அங்கே மகளும் அப்படியே. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். இதற்கே ஒரு நிமிடம்.

இன்று தேவி பாதியில் எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலி திரையில் அப்படியே நின்றது. வார்டன் டைப் செய்தார்: அழுகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா ஏக்கம். படித்துச் சொன்னேன். பொன்னாயி முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தாள்.

"பங்குனி வரைக்கும் பாக்கறனுங்க பாயம்மா. இப்படியே இருந்தா புள்ளயக் கூட்டியாந்துர்றனுங்க. படிச்ச வரைக்கும் போதும்."



ஜனவரி 10, புதன்

வெயில், அப்பாடா. மிளகு காய்கிறது. மவுஸ் வாங்கியாச்சு.

அடிவாரத்திலிருந்து கேபிள் கம்பெனிக்காரர் ஜீப்பில் வந்தார். மலைக்கு பிராட்பேண்ட் கொண்டுவரப் போகிறாராம், சொந்தச் செலவில். ஆனால் வாசலூர்பட்டி போட் ஹவுஸ் பக்கத்து லாட்ஜ்களுக்கு மட்டும். செம்மேட்டுக்கு?

"எத்தன கனெக்சன் தேறும் மேடம்?"

நாலு என்றேன், அதுவே கூடுதல். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

மதியம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போனேன். ஜே.இ. தங்கமான மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கைவிரித்தார். பிராட்பேண்ட் கருவி இங்கே வரவேண்டும் என்றால் நாற்பது விண்ணப்பமாவது வேண்டுமாம், நாமக்கல் ஆபீசில் கொடுக்கவேண்டுமாம். ஃபாரம் கட்டு கொடுத்தார். ஆகக்கூடி தனியாரும் எத்தனை பேர் என்கிறார், அரசாங்கமும் எத்தனை பேர் என்கிறது. ஒரே ஒரு பொன்னாயி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சாயங்காலம் இவரோடு சண்டை.

"கவர்மென்ட்ட நம்பி உக்காந்தா தேவிக்குப் பேத்தியே பொறந்துரும். போட்ட காசு திரும்பி வந்தாத்தான் எவனும் ஒயரு இழுப்பான். அது நாயந்தான?"

"காசு திரும்பாத எடத்துக்கு?"

தரையில் சிந்திய மிளகைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எழுபது வளைவு வெட்டி இந்த மலைக்கு ரோடு போட்டது எந்தக் கம்பெனிங்க?"

"ரோடு வேற, ஒயரு வேற." இருமல் வந்துவிட்டது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், கோபமாகத்தான். டம்ளரை வாங்கும்போது விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சண்டை பாதியில் நிற்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

பொங்கல் வாரம் முழுக்க காளப்பநாயக்கன்பட்டியில், அம்மா வீட்டில். நேற்றுதான் மேலே வந்தோம். வீடெல்லாம் எலி.

பொங்கலுக்கு தேவி வந்து போயிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. திரும்ப பஸ் ஏறும்போது கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று நின்றாளாம். கண்டக்டர் சொன்னார். அவருக்கும் பெண்பிள்ளைகள்.

இன்று திரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். லைன் கட்.

பொன்னாயியிடம் எங்கள் சண்டையைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டேன்: யார் காசு போடவேண்டும், அரசாங்கமா தனியாரா?

"ஆரு போட்டா என்னங்க? எம்புள்ள கை நிக்காம வரோணும்."

அப்புறம் கொஞ்சம் யோசித்து: "எங்கூர்ல நாப்பது ஊடு இருக்குதுங்களே. அந்தத் தாளக் குடுங்க." ஃபாரம் கட்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் இல்லாத நாற்பது வீடு.

ஜனவரி 28, ஞாயிறு

தலைவலி. காலையிலிருந்து கரண்ட் இல்லை.

நாற்பது ஃபாரமும் வந்துவிட்டது! ஊர் வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் கைநாட்டு. ஒன்றில் மஞ்சள் கறை, ஒன்றில் சோற்றுப்பருக்கை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் நாற்பதிலும் ஒரே நம்பர். எங்கே பார்த்த நம்பர் என்று பார்த்தால் நம் கடை நம்பர்.

"ஏன் பொன்னாயி, எல்லாருக்கும் எங்க நம்பரையே போட்டுட்டீங்களே?"

"வாத்தியாரு நம்பர் என்னன்னு கேட்டாருங்க. எங்கூருக்கு எந்தச் சேதி வந்தாலும் இதுக்குத்தானுங்களே வருது. சாவுச்சேதி, ஆஸ்பத்திரிச் சேதி எல்லாமே. அப்பறம் எங்க நம்பரு எதுங்க?"

முதலில் சிரிப்பு வந்தது. நாற்பது வீடு என் கடையைத் தன் போன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. சோற்றுப்பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஃபாரங்களை அடுக்கிக் கட்டினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இவர் மிளகு மூட்டையோடு நாமக்கல் போனார். பொன்னாயியும் ஃபாரம் பையோடு கூடவே. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வாருங்கள், தனியார் பெருமையை ஆபீசில் பேசவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பியதும், "குடுத்தாச்சு." அவ்வளவு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இருமல் மட்டும் கூடுதல்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நடந்ததைப் பொன்னாயி இன்றுதான் சொன்னாள்.

ஆபீசர் பார்த்துவிட்டு, ஒரே நம்பர் இருந்தால் ஒரே விண்ணப்பம்தான் என்று முப்பத்தொன்பதைத் தள்ளி வைத்தாராம்.

"பாய்க்குக் கோவம் வந்துருச்சுங்க. அத்தனையும் எடுத்து ஒவ்வொரு பேரா வாசிச்சாருங்க. இவரு சாமை போடறவரு, இவரு மிளகு எங்கிட்டத்தான் போடறாரு, இந்தம்மா போன வருசம் புருசனப் பறிகுடுத்தவங்கன்னு நாப்பது பேருக்கும் சொன்னாருங்க. ஆபீசே எந்திரிச்சு நின்னு கேட்டுது. கடைசியா, தனியார்க்காரன் ஒண்ணுன்னு எண்ணிப்போட்டுப் போயிருவான் சார், நீங்களும் அப்படியே எண்ணுனா அப்பறம் கவர்மென்ட் எதுக்குன்னு கேட்டாருங்க."

என் கட்சியின் வசனம்! எனக்கு எதிராகவே பேசிக்கொண்டிருந்த மனுஷன். பொது சென்டர் என்று எழுதி மேலே அனுப்புவதாக ஆபீசர் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மதியம் நெய்ச்சோறு ஆக்கினேன்.

"என்ன விசேசம்?"

"சும்மாதாங்க."

இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 25, ஞாயிறு

பங்குனி பிறந்து பத்து நாள் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்சுக்குக் கருவி வந்தது, நேற்று நம் கடைக்கு லைன் கொடுத்தார்கள். அரசாங்கம்தான்! புது மோடம் பெட்டியின் பச்சை விளக்கை இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தேன் என்று சொல்லவில்லை, முகத்தில் காட்டியிருப்பேன்.

பொன்னாயி புதுப்புடவை. உட்கார்ந்ததும் கையைத் தூக்கி அசையாமல் வைத்தாள். திரையில் தேவியும் கையைத் தூக்கியபடி அசையாமல். போச்சு, இதுவும் நின்றுவிட்டது என்று மவுஸைத் தட்டினேன். அப்போது தேவி கண் சிமிட்டினாள்.

பொன்னாயி அதைப் பார்த்தாள். தூக்கிய கையை மெதுவாக இறக்கினாள். தேவியும் இறக்கினாள்.

அப்புறம் ஆரம்பித்தார்கள். நாலு கையும் நிற்கவே இல்லை. ஒருத்தி முடிப்பதற்குள் மற்றவள். ஏதோ அதட்டல், ஏதோ சிரிப்பு. தேவி ஜடையைத் தூக்கிக் காட்டுகிறாள், இவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். இவர் முறத்தோடு வாசலில் வந்து நின்று, என்ன சொல்றாங்க என்று கேட்டார். ஒன்றுமே புரியவில்லை எனக்கு. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் இரண்டும் எனக்குத் தெரியும், அதுகூட அகப்படவில்லை.

இரண்டு வருடமாக இவர்களை மெதுவாகப் பேசுகிறவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.