4.2.3 என்று ஒரு வெர்ஷன் கிடையாது

மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தும்போது உன் பழைய மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறிய செலோடேப். நடுவில் உன் கோணல் கையெழுத்து: "4.2.3 கிடையாது. ஏன்னு என்னைக் கேளு." இனி உன்னை எங்கே போய்க் கேட்பது? நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ மாகறல் பஸ்ஸில் நசுங்கி வருவாய், நான் தென்னேரியிலிருந்து வண்டியில். சரிகைக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். என்ன வேலை செய்கிறோம் என்று என் வீட்டில் சொல்லத் தெரியாமல் நான் விழித்தபோது நீதான் எடுத்துக்கொடுத்தாய். "ஒரு எடத்துல எழுதினது ஒம்போது எடத்துலயும் அப்படியே இருக்கணும். அவ்ளோதாம்பா நம்ம பொழப்பு."

ரிலீஸ் பிராஞ்ச் உன் பொறுப்பு. வாடிக்கையாளருக்குப் போகும் வெர்ஷனைத் தனியாகப் பிரித்து வைத்து, அதில் திருத்தங்களை மட்டும் சேர்ப்பாய். வெளியே போன நம்பரை யாரும் தொடக்கூடாது, கடுகளவு திருத்தமானாலும் அடுத்த நம்பர்தான் என்பது உன் சட்டம். "ஒரு கமாவுக்கெல்லாம் ஒரு நம்பரா?" என்று நான் கிண்டல் செய்வேன். "நம்பருக்கு இன்னா பஞ்சமா?" என்பாய்.

அந்தச் சித்திரை மாதம் நீ இரண்டு நாள் லீவு. மருந்துக் கிடங்குகள் வைத்திருந்த வாடிக்கையாளருக்கு 4.2.3-ஐ வெளியிட்டது நான். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் காலாவதித் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. யாரும் இதற்குள் இறக்கி எடுத்திருக்க மாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, திருத்தியதை அதே 4.2.3 என்ற பெயரில் மேலே வைத்துவிட்டேன். அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன், மடையன்.

ஒன்பது கிடங்குகளில் மூன்று பழையதை எடுத்துவிட்டிருந்தன. ஒவ்வொரு கிடங்கிலும் இருக்கும் நம் சாஃப்ட்வேர் ஒன்றோடொன்று பேசும்போது முதலில் வெர்ஷன் நம்பரைத்தான் ஒப்பிடும். நம்பர் வேறாக இருந்தால் தேதியைச் சரிபார்க்கும், ஒன்றாக இருந்தால் அப்படியே விழுங்கிவிடும். அதனால் மார்ச் பன்னிரண்டோடு காலாவதியான மருந்து, டிசம்பர் மூன்று வரை நல்லது என்று திரையில் நின்றது. எங்கே தப்பு என்று ஒன்றரை நாள் எல்லோரும் தேடினார்கள். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீ வந்தாய். இரண்டு கிடங்குகளிலிருந்து ஃபைலை வரவழைத்து அளவை ஒப்பிட்டாய். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாய்.

"4.2.3 ரெண்டு இருக்குதுபா. ஒண்ணு நீ பெத்தது. இன்னொண்ணு?"

"அதுவும் நான்தான்" என்றேன்.

திட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ போனை எடுத்துவிட்டாய். ஒவ்வொரு கிடங்காகக் கூப்பிட்டு, எதையும் அனுப்ப வேண்டாம் என்றாய். ஒரு வண்டி மட்டும் கிளம்பியிருந்தது. டிரைவர் நம்பரை வாங்கி நீயே பேசினாய். "அண்ணா, எங்க போய்க்கினு இருக்கீங்க? வாலாஜாபாத்தா? அங்கியே ஓரமா நிறுத்துங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமா போவும்." அவர் நிறுத்திவிட்டார் என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மேனேஜர் வந்து குரலைத் தாழ்த்தினார். "அதே நம்பர்ல சரியானதை எல்லாருக்கும் போட்டுடலாம்மா. அவங்களுக்கு ஏன் தெரியணும்?"

"எது சரியானது, எது தப்பானதுன்னு நாளைக்கு நமக்கே தெரியாது சார். 4.2.3 செத்துடுச்சு. 4.2.4 போடறேன். ஏன்னு அவங்களுக்கும் எழுதறோம்."

கடிதத்தை நான்தான் எழுத வேண்டும் என்றாய். 'ஒரு தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது' என்று ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாய். "காத்தடிச்சு மாறிச்சா? உன் பேரைப் போடு. கீழ என் பேரையும் போடு, பிராஞ்ச் என்னுதுதானே." உன் பெயரைப் போட வேண்டிய அவசியமே இல்லை. லீவில் இருந்தவள் நீ. வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, அந்த இரண்டாவது பெயர் எவ்வளவு தைரியம் கொடுத்தது தெரியுமா? உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஐந்தரை மணிக்கு என் டிபன் பாக்ஸைத் தூக்கி முன்னால் வைத்தாய். எங்கள் வீட்டு ஜைன வழக்கப்படி நான் இருட்டியபின் சாப்பிடமாட்டேன் என்று ஆபீஸில் உனக்கு மட்டும்தான் நினைவிருக்கும். "பொழுது சாயறதுக்குள்ள துன்னு. நான் பில்டு போட்டுக்கினு இருக்கேன்" என்றாய். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் 4.2.4 தயார். வேலையும் போகவில்லை, வாடிக்கையாளரும் போகவில்லை. அன்றிலிருந்து திரும்பப் பெறும் எந்த வெர்ஷனுக்கும் நம் வெர்ஷன் பட்டியலில் தவறு செய்தவர், கூட நிற்பவர் என்று இரண்டு பெயர்கள் போடுவது வழக்கமாகிவிட்டது.

இப்போது பிராஞ்ச் என் பொறுப்பு. இன்று மத்தியானம் 5.1.2-ஐ வெளியிட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு தவறு கண்ணில் பட்டது. பார்த்தேன், ஒருவரும் எடுத்ததாகக் காட்டவில்லை. திருத்தியதை அதே நம்பரில் வைக்கக் கை தானாகப் போனது, பொய் சொல்லமாட்டேன். உன் சீட்டு மேசைமேல் கிடந்தது. கையை எடுத்துக்கொண்டு 5.1.3 போட்டேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாரும் எடுக்கலையே, அப்புறம் எதுக்குப்பா?"

"அன்னிக்கும் இப்படித்தான் சார் நெனச்சேன்" என்றேன்.

பட்டியலைத் திறந்து எழுதினேன்: '5.1.2 கிடையாது. தவறு என்னுடையது.' கீழே என் பெயர். அதற்கும் கீழே இரண்டாவது பெயருக்கான இடம். உன் பெயரின் முதல் எழுத்தை அடித்தும்விட்டேன். அப்புறம் அழித்தேன். நடக்காததை எழுதினால் நீ விடுவாயா? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட எழுந்தேன்.